நூற்று எண்பத்து நான்காம் நாள்

குளிர் வந்தால் தெற்கே பறந்து போய், வெயில் ஏறினால் வடக்கே திரும்பி வரும் பறவைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதற்குப் போகிறோம், எதற்கு வருகிறோம் என்று அவற்றுக்குத் தெரியும். நான் சொல்லப்போகும் ஜீவனும் அப்படித்தான் போய்ப் போய் வருகிறது. ஆனால் இது குளிருக்குப் பயந்து போவதில்லை; வரிக்குப் பயந்து போகிறது. இதற்கு நாளெண்ணி என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். நியூயார்க் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் வரும் எங்கள் லார்ச்மாண்ட் ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வழியில் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். மற்ற மனிதர்கள் நல்லா இருக்கேன் என்பார்கள், முட்டி வலி என்பார்கள். நாளெண்ணி, "நூத்து நாப்பத்தொண்ணு" என்பார். அவ்வளவுதான் அவருடைய உடம்பு, மனசு, குடும்ப நலம் எல்லாம்.

விஷயம் இதுதான். நியூயார்க் மாநிலம் மனிதனின் வருமானத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஃப்ளோரிடா எடுத்துக்கொள்ளாது. ஆகவே ஐயா ஃப்ளோரிடாவில் ஒரு ஃபிளாட் வாங்கி, இனிமேல் இதுதான் என் வீடு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் லார்ச்மாண்ட் வீட்டை விற்க மனசு வராது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வருடத்தில் நூற்று எண்பத்து மூன்று நாளுக்கு மேல் நியூயார்க்கில் கால் வைக்கக் கூடாது. காலையில் வந்து பல் தேய்த்துவிட்டுப் போனாலும் அது முழு நாள். நூற்று எண்பத்து நான்காம் நாள் எல்லைக்குள் நின்றால், வருடம் முழுக்க நியூயார்க்கிலேயே குடியிருந்ததாக வைத்துக்கொண்டு மொத்த வருமானத்துக்கும் வரி போட்டுவிடுவார்கள்.

எங்கள் எதிர்வீட்டு மார்வின் கெஸ்லரைப் பாருங்கள். ஜன்னல் திரை செய்யும் தொழிற்சாலையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மனைவி ரோஸ்லினோடு ஃப்ளோரிடாவுக்குக் 'குடிபெயர்ந்து' ஏழு வருடம் ஆகிறது. அந்த ஊரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வெயில் ஆகாது, கடற்கரை மணல் ஆகாது, நாலரை மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் அக்கம்பக்கத்துக் கிழவர்கள் ஆகவே ஆகாது. போனில் பேசும்போது மட்டும், "சொர்க்கம்யா இது, சொர்க்கம்!" என்பார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்க பனி விழுந்துச்சா? எத்தனை அங்குலம்?" என்று கேட்பார். சொர்க்கத்தில் இருப்பவன் பனியைப் பற்றி எதற்கய்யா விசாரிக்க வேண்டும்?

நாளை எண்ணினால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். ஃப்ளோரிடாவில் இருக்கும் ஒவ்வொரு நாளும் மருந்துக்கடைக்குப் போய் ஒரு புதினா மிட்டாய் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துவார். ரசீதுக்கு வேலை உண்டு, மிட்டாய்க்கு இல்லை. அந்த ஃபிளாட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் மிட்டாய் கொட்டும் என்கிறார் ரோஸ்லின்.

அதோடு முடிந்ததா? உன் மனசுக்கு நெருங்கின பொருள் எங்கே இருக்கிறதோ அதுதான் உன் உண்மையான வீடு என்பது வரி அதிகாரிகளின் சித்தாந்தம். ஆகவே கல்யாண ஆல்பம் தெற்கே போயிற்று, அப்பாவின் சுவர்க்கடிகாரம் போயிற்று, பனியில் புரள்வதற்கென்றே பிறந்த சடைநாய் ஆஸ்கர் போய், அங்கே ஏ.சி.க்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. கடைசியில், லார்ச்மாண்ட் கல்லறைத் தோட்டத்தில் வாங்கிப் போட்டிருந்த இரண்டு இடங்களையும் விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் வாங்கினார். அன்றைக்கு நான் கூடவே இருந்தேன்.

"செத்த பிறகுமா மார்வின் அந்த ஊர்ல இருக்கணும்?" என்றார் ரோஸ்லின்.

"அப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். இங்க படுத்தா வருஷம் முழுக்க இங்கேயே படுத்திருப்போம்ல?"

ஆனால் எவ்வளவு ஜாக்கிரதைக்காரருக்கும் ஒரு பலவீனம் இருக்கும். மார்வினுக்கு அது பேகல். நடுவில் ஓட்டை போட்ட வட்ட ரொட்டிதான், எந்த ஊரிலும் செய்வார்கள். ஆனால் நியூயார்க்கில் பிறந்தவனிடம் ஃப்ளோரிடா பேகலைக் கொடுத்தால் அவன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நியூஜெர்சி விமான நிலையத்தில் இறங்கி, கனெக்டிகட்டில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். வழியில் நியூயார்க்கைக் கடந்துதான் ஆக வேண்டும். சும்மா கடந்து போனால் அது நாள் கணக்கில் வராது, சட்டமே விட்டுவிடுகிறது. இவர் நிறுத்தினார். பிராங்க்ஸில், ஒரு கடை வாசலில், எள் தூவிய பேகல் ஒன்றே ஒன்று. பாதி தின்ற பிறகுதான் உறைத்திருக்கிறது. அங்கிருந்தே எனக்குப் போன்.

"ஏம்ப்பா, கடந்து போனாக் கணக்கில்ல. கடந்து போறப்ப மென்னா?"

"இறங்கினீங்களா?"

"உக்காந்துகூட சாப்பிடலப்பா, நின்னுக்கிட்டுதான்..."

ஒரு நாள் போயிற்று. இன்றைக்கும் அந்தப் பேகலைப் பற்றிப் பேசினால், வயிற்றெரிச்சலோடு சொல்கிறாரா, நாக்கில் ஜலம் ஊறச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். டாரா என்று பெயர், நியூயார்க் நகரத்துக்குள்ளேயே இருக்கிறாள். பல வருடம் காத்திருந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இனிமேல் இல்லை என்று எல்லோரும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, போன வருடம் மே மாதம் ஒரு விருந்தில் வெட்கப்பட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். ரோஸ்லின் அழுதார். என் மனைவி அழுதாள். மார்வின் எழுந்து மகளைக் கட்டிக்கொண்டு, "தேதி எப்பம்மா?" என்றார்.

"டிசம்பர் பதினாறுப்பா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "டிசம்பரா? ஜனவரி ஆகாதா?"

டாரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரலில் ஒன்று இருந்தது. "நீ மட்டும் வராம இருந்து பாருப்பா, அப்புறம் இருக்கு உனக்கு."

அன்றிலிருந்து அவர் நாள் சேர்த்தார் பாருங்கள், அப்படி யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஒன்றுவிட்ட தம்பியின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வரவில்லை. பள்ளித் தோழனின் சாவுக்கு மலர் வளையம் மட்டும் வந்தது. நாற்பது வருடமாகப் பார்த்த பல் டாக்டரை விட்டுவிட்டு, ஃப்ளோரிடாவில் யாரோ ஒருவரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். ஐந்து நாள் மிச்சம். டிசம்பர் பதினான்கு முதல் பதினெட்டு வரை. பதினாறாம் தேதிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இதைவிடக் கச்சிதமாக ஒரு தாத்தா தயாராக முடியுமா?

பதினான்காம் தேதி வந்து இறங்கினார். பதினைந்து. பதினாறு. குழந்தைக்கு எந்த அவசரமும் இல்லை. அது இருந்த இடத்தில் அதற்கு எந்த மாநிலமும் வரி போடவில்லை. பதினேழாம் தேதி மகளின் வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினார். பதினெட்டாம் தேதி டாக்டரைப் பார்த்துக் கெஞ்சினார். தாயும் சேயும் சௌக்கியம், இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று அந்த டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மார்வின் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தக் கரையில், நியூஜெர்சியில், ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஹட்சன் ஆற்றின் நடுவில் மாநில எல்லை. எதிர்க்கரையில், கண்ணுக்கு நேரே, ஆஸ்பத்திரி.

ரோஸ்லின் மட்டும் இக்கரைக்கும் அக்கரைக்கும் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பதினாறு நாள் பாக்கி இருந்தது. ஏன் என்றால், அந்த அம்மாளுக்கு ஃப்ளோரிடா உண்மையாகவே பிடித்துப்போய்விட்டது.

"உன் நாள்ல ரெண்டு எனக்குத் தர வழி இருக்கான்னு ஆடிட்டரைக் கேட்டேன், ரோஸ்லின்."

"என்ன சொன்னார்?"

"போனை வெச்சுட்டார்."

இருபத்தேழாம் தேதி காலை குழந்தை பிறந்தது. பெண். பெரிய கோட்டு லார்ச்மாண்ட் வீட்டிலேயே கிடக்கிறது, குளிர் தாங்கவில்லை, எடுத்துக்கொண்டு வா என்று மார்வின் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். நான் போனபோது ஹோட்டல் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நின்றுகொண்டிருந்தார். ஏழாம் மாடி ஜன்னலில் டாரா குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாளாம். இவர் கையை ஆட்டினார், முத்தம் பறக்கவிட்டார், கால் மணி நேரம். பிறகு ரோஸ்லின் போன் செய்து, அவர் பார்த்துக்கொண்டிருப்பது ஆஸ்பத்திரி இல்லை, பக்கத்தில் இருக்கும் கார் நிறுத்தும் கட்டடம் என்றார்.

மார்வின் தொலைநோக்கியை இறக்கினார். யோசித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஏம்ப்பா, ஆஸ்பத்திரியில படுக்கையில சேர்த்துட்டா அந்த நாள் கணக்குல வராது, தெரியுமா உனக்கு? எனக்கு இந்த இடதுபக்கம் லேசா ஒரு வலி... அதே ஆஸ்பத்திரியில..."

போனை அவர் இன்னும் அணைக்கவில்லை. ரோஸ்லினின் குரல் எனக்கே கேட்டது. "உனக்கு வியாதி இருக்கு மார்வின். ஆனா அதுக்குப் படுக்கை குடுக்க மாட்டாங்க."

அப்போதுதான் மாடியின் மறுகோடியில் இன்னொருவரைக் கவனித்தேன். நல்ல கம்பளிக் கோட்டு, விலையுயர்ந்த தொலைநோக்கி. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எத்தனை?" என்றார்.

"நூத்து எண்பத்து மூணு" என்றார் மார்வின்.

"நானும்தான்." பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "பேரக்குழந்தையா? வாழ்த்துகள். எனக்கும் ஒரு பேரன், அந்தப் பச்சைக் கூரைக்குப் பக்கத்துல. வர்ற வருஷம் ஏழு வயசு. மூணு பிறந்தநாள் இங்கேருந்துதான் பார்த்தேன். கேக் வெட்டறப்ப விளக்கை அணைச்சுட்டாங்கன்னா மெழுகுவர்த்தி நல்லாத் தெரியும்." பெருமையாகத்தான் சொன்னார். தொலைநோக்கியை நீட்டி, "என்னோடதை வெச்சுப் பாருங்க, இது இன்னும் கிட்டக் காட்டும்" என்றார்.

மார்வின் அதை வாங்கவில்லை. அந்த மனிதரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கோட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு வேகமாக இறங்கக் கூடாது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

படகில் ஏறினோம். எட்டே நிமிடப் பயணம். நடு ஆற்றில், "இங்கதான்" என்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "போச்சு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆஸ்பத்திரி அறையில் டாரா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். "அப்பா! இன்னிக்கு நூத்து எண்பத்து நாலு இல்ல?"

"தெரியலம்மா" என்றார் மார்வின். "எண்ணல."

ஏழு வருடத்தில் அந்த மனிதர் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

உடனே திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே சுதாரித்துக்கொண்டு, நூற்று எண்பத்து நாலும் ஒன்றுதான், நூற்று எண்பத்தெட்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, வருடக் கடைசி வரை நகரத்திலேயே தங்கி மூன்று வேளையும் பேகல் தின்றார். இந்த மாநிலத்திலேயே இவ்வளவு விலை கொடுத்து ஒரு குழந்தையை யாரும் தூக்கியதில்லை என்று ஆஸ்பத்திரி தாதிகளிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். ஜனவரி ஒன்றாம் தேதி புது வருடக் கணக்கு தொடங்கிற்று, "ஒண்ணு" என்றார். ஒரே ஒரு மாற்றம். இப்போதெல்லாம் டாரா கூப்பிட்டால் முதலில் போய்விடுகிறார், பிறகு எண்ணுகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, இரண்டு மாநிலத்தில் வீடா இருக்கிறது என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் 'இந்த வேலை முடியட்டும்', 'லீவு கிடைக்கட்டும்', 'பரீட்சை போகட்டும்' என்று நீங்களும் ஒரு கரையில் நின்றுகொண்டு போனிலேயே கையை ஆட்டிக்கொண்டிருக்கவில்லை என்று நான் எப்படி நம்புவது? ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களை 'வா, வா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் அந்த ஒருவரை நேரில் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று?

அதோ, விரல் மடக்குகிறீர்கள்.