பன்னிரண்டு வெள்ளைக்கரு

நாமக்கல்,
புரட்டாசி இரண்டாம் சனி கழிந்த திங்கள்.

சிரஞ்சீவி மோகன்குமாருக்கு அப்பா வேலுமணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் பண்ணைக் கோழிகளும் சுகம். இத்தாலியில் உன் சுகத்துக்கும் குறைவில்லை என்று, முகமெல்லாம் மாவு அப்பிக்கொண்டு நீ அனுப்பிய வீடியோவில் தெரிந்துகொண்டோம். போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு உன் பக்கமே பேசுவாள். அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. நம் பக்கம் பையன்கள் பெண்ணுக்காக நிற்கிற வரிசை உனக்கே தெரியும். ஐந்து ஜாதகம் தட்டிப்போய், ஆறாவதாகத் திருச்செங்கோட்டு அர்த்தநாரி தன் மகள் யுவஸ்ரீக்கு உன்னைக் கேட்டார். புரட்டாசியில் நல்ல காரியம் பேசக் கூடாது அல்லவா, அதனால் அவர் பேச வரவில்லை. சனிக்கிழமை பெண்டாட்டி, மகளோடு காரில் ஏறி, தற்செயலாக நம் வாசலில் இறங்கினார். கேரளாவுக்கு முட்டை லோடு அனுப்புகிற மனுசன், நெற்றியில் நாமம், மாசம் பூராவும் விரதம். ஊரே இப்படித்தான். பதினோரு மாசம் முட்டையில் பிழைத்துவிட்டு, பன்னிரண்டாவது மாசம் முட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இது புரட்டாசி என்று கோழியிடம் யார் போய்ச் சொல்வது? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கிறது.

என் கெட்ட நேரம், லீவில் வந்த உன் சிநேகிதன் இளவழகனிடம் நீ கொடுத்தனுப்பிய நூடுல்ஸ் பொட்டலம் ஞாபகம் வந்தது. "இங்க நான் வாடகைக்கு இருக்கற ஊட்டுக்காரம்மாகிட்டக் கத்துக்கிட்டு நானே பிசைஞ்சதுங்கப்பா, கறி கிறி ஒண்ணும் இல்லீங்க" என்று நீ சொன்னதை நம்பி, அம்மா அதை வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, நிலக்கடலைப் பொடி தூவி வைத்தாள். "பையனே செஞ்சதுங்க, வெறும் மைதாங்க" என்று நான் சொல்லச் சொல்ல, அர்த்தநாரி மூன்று தட்டு காலி செய்து நாலாவதை நீட்டினார். "சுடுதண்ணி வெக்கத் தெரியாத பசங்க மத்தியில இது பெரிய விசயமுங்க" என்றார் யுவஸ்ரீயின் அம்மா. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். உன் பெருமையை இன்னும் கொஞ்சம் காட்டலாமென்று, அன்று காலை நீ அனுப்பிய, நானே இன்னும் பார்க்காத வீடியோவை டிவியில் போட்டேன். அதே நூடுல்ஸுக்கு நீ மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து மஞ்சளைக் குழியிலும் வெள்ளையைக் கிண்ணத்திலும் விடுகிறாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு! நம் டிவியில் ஒவ்வொரு மஞ்சள் கருவும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

நான் ரிமோட்டைத் தேடினேன். அகப்படவில்லை. அர்த்தநாரி வாயிலிருந்ததை ஒரு முழுங்கு முழுங்கி, "தெரியாமச் சாப்பிட்டா பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருங்க" என்றார். அப்பாடா என்று நான் உட்காருவதற்குள், நீ வெள்ளைக்கருக் கிண்ணத்தை எடுத்து, சிரித்துக்கொண்டே, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தாய். அப்போதுதான் மனுசன் எழுந்தார். "விரதம் போனா அடுத்த வருசம் இருந்துக்கலாமுங்க. பன்னண்டு வெள்ளையைச் சாக்கடையில ஊத்தறவனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?" நாலாவது தட்டையும் காலி செய்து வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

ஏன்டா, முட்டைக்காரன் மகனாடா நீ? கீறல் விழுந்த முட்டையைக்கூட வீணாக்காமல் உனக்குப் பொரித்துப் போட்டு இஞ்சினீயர் ஆக்கினோமே! அவமானத்தில் இரண்டு நாளாகப் பண்ணைப் பக்கம் போகவில்லை. அந்தப் பெண்ணை எங்களுக்கு நிரம்பப் பிடித்திருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். இனி நீ மாவைத் தொடக் கூடாது. தொட்டால் நான் உன் அப்பன் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நாமக்கல் ஆஞ்சநேயர் உன்னைக் காக்கட்டும், முதலில் அந்த அடுப்படியிலிருந்து.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: போட்டோ எடுக்கப்போகிற நேரத்தில் அர்த்தநாரி போன் செய்தார். "ஏனுங்க, அந்த மைதாப் பொட்டலம் இன்னும் இருக்குங்களா? கடைசிச் சனிக்கிழமை அந்தப் பக்கமாத்தான் வாரேனுங்க. பொண்ணும் வாரேங்குது. நீங்க வெறும் மைதான்னே சொல்லுங்க, டிவி மட்டும் போட வேண்டாமுங்க." சாமி, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இன்றைக்கே இரண்டு கிலோ பிசைந்து அனுப்பு. வெள்ளையில் என்ன செய்வார்கள் என்றும் அந்த ஊட்டுக்காரம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொள், யுவஸ்ரீ கேட்டாளாம். வீடியோ மட்டும் எடுத்துத் தொலைக்காதே.