பதினாறு கேட்டால் பதினெட்டு

எதை வாங்கினாலும் ஓர் அளவு பெரிதாக வாங்குகிறவன் நான். பிள்ளைகளே, பள்ளிக்கூடச் சீருடைப் பச்சை லுங்கியை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டு போனீர்களே, அது என் வேலைதான். விலை ஒன்றுதான் என்றால் எந்த முட்டாள் சின்னதை வாங்குவான்? (எழுதும்போதே கோபம் வருகிறது.)

உங்கள் தாய்மாமன் மணி, பர்மிய வழக்கப்படி எல்லோருக்கும் 'கோ மணி', கப்பலில் வேலை செய்கிறவன். விடுப்பில் வந்தவன், தாகேதாவில் நம் வீட்டுக் கூடத்தையே அடைத்துக்கொண்டு, பெட்ரோலில் ஓடும் பொம்மை விமானம் ஒன்று செய்தான். மறுநாள் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்க்க ஆசை. அன்று காலையில் பார்த்து, அதன் மூக்கில் மாட்டும் விசிறி தரையில் கிடந்து மிதிபட்டு உடைந்தது. மிதித்தது யார் என்பது இங்கே முக்கியமில்லை. (நான்தான்.)

"பதினாறு அங்குலம், அத்தான். அதே அளவு" என்று என்னை லத்தா கடைத்தெருவுக்கு அனுப்பினான்.

கடைப் பெண் பதினாறையும் பதினெட்டையும் எடுத்து வைத்தாள். ஒரே விலை. எஞ்சின் எத்தனை சிசி என்று கேட்டாள். நான் சாமான் வாங்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா என்று சீறினேன். பெரிய விசிறி நிறையக் காற்றைத் தள்ளும். இதற்கு எதற்குக் கணக்கு?

ஊருக்கு வெளியே மாவ்பியில், தெரிந்தவருடைய அறுப்பு முடிந்த வயலில் எல்லோரும் காத்திருந்தீர்கள். விசிறியைப் பார்த்ததும் கோ மணியின் முகம் சுருங்கியது. இதைச் சுற்ற இந்த எஞ்சினுக்குச் சக்தி போதாது, சூடேறிவிடும், நுனியும் தரையில் இடிக்கும் என்றான்.

"பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வாங்கியாந்தது ஒனக்கு எளக்காரமாப் போச்சா?" என்று கத்தினேன்.

"யாதே, அத்தான்" என்றான். பர்மிய மொழியில் பரவாயில்லையாம்! கத்துகிற மனிதனிடம் சாந்தமாக 'யாதே' சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்?

மாட்டினான். எஞ்சின் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் முனகியது. விமானம் நகர்ந்ததே தவிர எழும்பவில்லை. வேகத்தைக் கூட்டினான். விசிறி நெல் தாள்களை வெட்டிக்கொண்டே போய், ஒரு மேட்டில் இடித்து இரண்டாக உடைந்தது. எஞ்சின் புகைந்து நின்றது. வைக்கோல்தான் பறந்தது.

"அப்பா புல்லு வெட்டற மிஷினு வாங்கியாந்திருக்கார்" என்றாய், செல்வி. வயல்காரர் வரைக்கும் சிரித்தார்.

மறுநாள் கோ மணி போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை, படுபாவி. அடுத்த விடுப்பில் பதினாறை மாட்டிப் பறக்கவிட்டான். அழகாகப் பறந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் பதினெட்டு. "பதினெட்டு இருக்காரா?" என்று கப்பலிலிருந்து போனில் கேட்கிறான். உங்கள் அம்மாவும், "குளிக்கிறார்" என்கிறாள்.

போகட்டும். இந்த வருஷம் உன் பள்ளிச் சட்டையை அளவெடுத்து, சரியாகத்தான் வாங்கினேன், செல்வி. இப்போதே கை குட்டையாகிவிட்டது. அதைப் பற்றி மட்டும் இந்த வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.