பிரேக் மாமாவும் பூசணிக்காயும்

நடந்து போகிறவர்களுக்காக ஒரு கட்சி தொடங்கினால், அதன் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாமே எங்கள் பிரேக் மாமாவாகத்தான் இருப்பார். அசாம் ஜாவாவிலிருந்து கோலசிலாங்கூர் வரை ஓடுகிற அத்தனை லோரிகளுக்கும் அவர் ஒற்றை ஆளாக எதிர்க்கட்சி.

இத்தனைக்கும் அவரே லோரிக்காரர். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஓட்டிய காலத்தில், பிரேக் என்பது பயந்தாங்கொள்ளிகளுக்காகச் செய்த சாமான் என்று நம்பியவர். அவருடைய ஹாரன் சத்தம் கேட்டால் கோழி, ஆடு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாரும் கால்வாயில் இறங்கிவிடுவார்கள். கேலியாக வந்த பெயர், அப்படியே நின்றுவிட்டது.

பிறகு கண் மங்கியது, லைசென்ஸ் போனது. எதிர்ப்பக்கக் கடையில் ரொட்டி சானாய் தின்னலாம் என்று முதல் முறையாக நடந்து போனவர், கடைக்காரர் அடுப்பை அணைக்கும்வரை ரோட்டோரத்திலேயே நின்றார். "எவன்டா இவனுங்களுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே பசியோடு திரும்பி வந்தார். அன்றைக்குக் கட்சி மாறியவர்தான்.

எங்கள் குடியிருப்பான தாமானுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஓடுவது அந்த ரோடுதான். அந்த வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து மேலே படிக்கப் போன முதல் ஆள் நான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அப்பாவோ தினமும் நான் ரோட்டைத் தாண்டுவதை ஜன்னலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்ப்பார்.

"இந்த செமஸ்டரோட போதும்மா. கிளவ்ஸ் பேக்டரி வேன் வாசல்லயே வந்து ஏத்திக்குது" என்று ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

விஷயம் மாமா காதுக்குப் போனது. நேராக வீட்டுக்கு வந்தார். "வேன் வருதுன்னு எல்லாப் புள்ளையும் பேக்டரிக்குப் போனா, நாளைக்கு ஊசி போட டாக்டருக்கு எங்கலா போவ?"

"மாமா, நான் படிக்கிறது கணக்கியல்."

"எல்லாம் ஒண்ணுதான். நீ பஸ்ஸப் புடி."

மறுநாள் காலையில் ரோட்டின் நடுவில் போய்க் கையைத் தூக்கி நின்றார். முதலில் வந்த லோரியை ஓட்டியவன் அவரிடமே தொழில் பழகியவன். குருவைக் கண்ட சந்தோஷத்தில், "மாமா! சௌக்கியமா?" என்று கத்தி, ஹாரனை அடித்து, வேகம் கொஞ்சமும் குறையாமல் போய்விட்டான். கால்வாயிலிருந்து மாமாவை நாங்கள்தான் தூக்கினோம்.

அடுத்து, ரோட்டைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனார். "பார்க்கிறோம்" என்றார்கள். "எங்கேருந்து பாக்கிறாங்க? அந்த ஆபீஸ்ல ஜன்னலே இல்ல!" என்று வந்து குதித்தார்.

அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி. லோரிக்காரன் எதற்குப் பயப்படுவான்? போலீஸ்? இல்லை. பொண்டாட்டி? கொஞ்சம். திடீரென்று தொடையைத் தட்டினார். "நானே வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுக்குத்தான்டா பிரேக் போட்டிருக்கேன்!"

விடிந்ததும் பார்த்தால், ரோட்டின் நடுவில் உடைத்த பூசணிக்காய். உள்ளே ரத்தச் சிவப்பாகக் குங்குமம். சுற்றிலும் அறுத்த எலுமிச்சம்பழங்கள்.

முதல் லோரி கிறீச்சென்று நின்றது. பின்னால் வந்த மலாய்க்காரர் நின்றார். அதற்கும் பின்னால் வந்த சீனர் இன்னும் தூரத்திலேயே நின்றார். இன மத வேறுபாடு இல்லாமல் எல்லா வண்டியும் ஊர்ந்தது. மாமா கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டினார்: "போ புள்ள, போ!"

காலை எடுத்து வைத்தேன். அம்மா அலறினாள்: "அடியே! அதைத் தாண்டித் தொலைக்காதே!"

தாமானில் ஒரு ஜீவன் நகரவில்லை. மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சந்தையில நான் வாங்குன காய்! குங்குமம் என் வீட்டுக் குங்குமம்! இதுல என்ன பேயா இருக்கு?"

"அப்ப நீங்க முதல்ல தாண்டுங்க" என்றாள் அம்மா.

மாமா பூசணிக்காயைப் பார்த்தார். பூசணிக்காய் மாமாவைப் பார்த்தது. "எனக்கு எதுக்கு? நான் காலேஜுக்கா போறேன்?" என்று பின்வாங்கினார். பஸ்ஸும் வந்தது, பூசணியைக் கண்டது, நிற்காமல் போய்விட்டது.

ஆனால் வாட்ஸ்அப் சும்மா இருக்குமா? ரோட்டில் யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று படத்தோடு செய்தி பறந்தது. கூப்பிட்டும் வராத அலுவலகம் மத்தியானத்துக்குள் வேனில் வந்து எதிர்ப்பக்கம் இறங்கியது. மாமா விளக்குமாறோடு ஓடினார். நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே, காய்க்குக் கிட்டப் போகாமலே எட்டி எட்டி எல்லாவற்றையும் கால்வாயில் தள்ளினார். "சுத்தம் பண்ணியாச்சு துவான்! வாங்க, பேசலாம்!" என்று அந்தப் பக்கம் நின்ற அதிகாரியைக் கூப்பிட்டார்.

பூசணி போனதும் லோரிகளுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. அதிகாரி ஒரு காலை ரோட்டில் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார், எடுத்தார். வெயிலில் சட்டை நனைந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். இந்தப் பக்கம் மாமா சாவகாசமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து குரல் கொடுத்தார்: "பார்க்கிறோம் துவான், பார்க்கிறோம்!"

மறுநாள் காலையிலேயே சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் வந்து நின்றார். அடுத்த செமஸ்டருக்குள் பட்டனை அமுக்கினால் வண்டிகளை நிறுத்துகிற விளக்கும் வந்தது. அப்பா கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். வேன் பேச்சும் நின்றது.

இப்போது ரவாங்கில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வீட்டு கேட்டைப் பூட்டி ரோட்டுக்கு வருவதற்குள், மாமா பட்டனை அமுக்கி லோரிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். நான் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை லோரிகளை முறைத்தபடி, விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே நிற்பார். ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.