நிறம் பூசியே பழுதுபார்ப்பவர்

நிறம் பூசியே பழுதுபார்க்கும் ஜீவன் ஒன்று ஒவ்வொரு அலுவலகத்திலும் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் கோளாறு என்றால் மற்றவர்கள் 'ஏன்?' என்று கேட்பார்கள். இவர் 'எந்த நிறம்?' என்று கேட்பார்.

ஒரு பேருந்துப் பணிமனையின் மேற்பார்வையாளர் அந்த இனத்தில் அசல். 'வானவில்' என்று அவருக்குப் பட்டப்பெயர். அதைப் பாராட்டென்றே நினைத்துக்கொண்டிருந்தார். பிரேக் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிற வண்டிக்குப் பச்சை, நாள் கடந்த வண்டிக்குச் சிவப்பு என்று, தேதியைப் பார்த்துக் கட்டம் தானே நிறம் மாறும்படி ஷீட்டில் விதி எழுதிவைத்தவர் அவர்தான். அதோடு நிறுத்தினாரா? சிவப்பு கண்ணை உறுத்துகிறதென்று அதன்மேல் ஆரஞ்சு, ஆரஞ்சு கண்ட வரிசையிலெல்லாம் பரவியதும் அதை அடக்க நீலம், நீலத்தில் எழுத்து தெரியவில்லையென்று மஞ்சள் எழுத்து என்று விதிமேல் விதியாக ஏற்றி, எது எதை மறைக்கிறது என்பது தமக்கே புரியாமல் போனபிறகும், "ஒண்ணும் பயப்படாதீங்க, இன்னொரு கலர் போட்டா சரியாயிடும்" என்பார்.

ஒருநாள் காலை டிரைவர் சாவியோடு வந்து நின்றார்.

"சார், பிரேக்ல கால வச்சா உள்ள போயிட்டே இருக்கு. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

வானவில் திரையைத் திருப்பிக் காட்டினார். "பச்சை காட்டுதே அண்ணே!"

"பச்சைய மிதிச்சா வண்டி நிக்குமா சார்?"

சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் அம்மாள், தேய்ந்து தகடாகிப்போன பிரேக் லைனிங்கைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தார்.

"உங்க பொண்ணு காலேஜுக்கு இந்த வண்டியிலதான சார் போகுது?"

வானவில் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். காப்பி கேட்கவில்லை, யாரையும் திட்டவில்லை. உட்கார்ந்து, பச்சை சிவப்புக்கு மேல் ஏற்றிய விதிகளை ஒவ்வொன்றாக அழித்தார். நீலம் போயிற்று, ஆரஞ்சு போயிற்று. அந்த வண்டியின் கட்டம் மட்டும் பச்சையாகவே சிரித்தது. ஏன்? பணியில் சேர்ந்ததிலிருந்து அவர் கேட்காத கேள்வி!

அப்போதுதான் கண்ணில் பட்டது. மற்றத் தேதிகளெல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இது மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே கோடு போடவேண்டிய இடத்தில் புள்ளி. அதனால் கணினி அதைத் தேதியாகவே மதிக்கவில்லை; வெறும் எழுத்தென்று எடுத்துக்கொண்டது. எழுத்தென்றால் எந்தத் தேதியைவிடவும் பெரிது என்பது அதன் கணக்கு. இன்றைய தேதியைவிடப் பெரிதாக இருந்தால் பச்சை என்பது இவர் விதி. ஆக, சக்கரமே கழன்று ஓடினாலும் அந்த வண்டிக்குப் பச்சைதான்.

புள்ளி வைத்தவர் யார்? விசாரணையே தேவைப்படவில்லை. ஷீட்டின் பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

தேதியைத் திருத்தினார். கட்டம் குப்பென்று சிவந்தது. சிவப்பைப் பார்த்து அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அன்றுதான்.

"மன்னிச்சிடுங்க அண்ணே. வேற வண்டி எடுத்துக்குங்க."

"அது கிடக்கட்டும் சார்," என்றார் மெக்கானிக் அம்மாள். "இனிமே தேதி தப்பா விழுந்தா எப்படித் தெரியும்?"

வானவில்லின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்னம்மா, ஊதா போட்டுடலாம்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மழையில் உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்தபோது நீங்கள் கூப்பிட்டது கொத்தனாரையா, பெயின்டரையா? பதில் சொல்லவேண்டாம். முகம் சிவப்பது இங்கிருந்தே தெரிகிறது.