தலைவர் குனிந்த வியாழக்கிழமை

ஆண்டவருக்குப் பிறகு இந்த உலகத்தில் தாழ்ச்சியின் கரையைக் கண்டவர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் ராயபுரம் தொழிலாளர் நற்பணிச் சபையின் தலைவர் திரு. இக்னேஷியஸ்தான். இதை நான் சொல்லவில்லை. 1967-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, ‘ஏகமனதாக’ நிறைவேறிய தீர்மானம் இது. காரியதரிசி என்ற முறையில் நான் கையைத் தூக்கினேன்.

தலைவர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் ஒரு கம்பெனியில் லேபர் ஆபீசர். ஆயிரம் கூலிகளின் வேலையும் லீவும் அவர் பேனா முனையில். அப்பேர்ப்பட்டவர், ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதுபோல, பெரிய வியாழனன்று பன்னிரண்டு கூலிகளின் பாதங்களைக் கழுவப்போவதாக அறிவித்தார். கோயிலில் பங்குச் சாமியார் மாலை ஆறு மணிக்குத்தான் கழுவுவார். தலைவர் சபை மண்டபத்தில் நாலு மணிக்கே கழுவிவிடுவார். தாழ்ச்சியில் பிந்தலாமா?

உடனே ‘பாதக் கமிட்டி’ அமைக்கப்பட்டது. மூன்று முறை கூடி, அறுபது கால்களைப் பரிசீலித்து, கழுவத் தகுதியானவை ஏற்கெனவே கழுவிய கால்களே என்று முடிவு செய்தோம். சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, மூன்றரை மணிக்குள் ஆஜராக வேண்டும். சடங்குப்படி வலது கால் மட்டுமே கழுவப்படும் என்பதால் இடது காலைப் பற்றிக் கமிட்டி கருத்துச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது ஆளாக, வராமல்போன ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவன் சிலுவைமுத்து, கரிக்கூடை சுமப்பவன். அவன் வலது பாதத்தில் இரும்புத் தகடு கிழித்த புண் வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

“என்னப்பா இது?” என்றேன்.

“மூணு வாரமா கீது சார். காலைக் கீய வெக்காம படுன்றாரு டாக்டரு. லீவு சீட்டுல ஐயா கையெய்த்து இல்லாம நின்னா பேரை அட்ச்சிடுவாங்கோ. அதான் கரி தூக்கிகினு கீறேன்.”

“தலைவரிடம் சொல்ல வேண்டியதுதானே?”

“தெனம் ஆபீசுக்குப் போய்கினுதான் கீறேன். ஐயா தாழ்ச்சியப் பத்திப் பேச்சு எய்திகினு கீறாரு, அப்பால வான்றாங்கோ. இன்னிக்கு அவரே என் கால்ல குனியப்போறாரு. கண்ணு முன்னால புண்ணு இருந்தா பாக்காம எங்க பூடுவாரு?”

பாவம், அவன் யோசனையில் பிழையில்லை. ஆனால் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஆளை மாற்ற நேரமில்லை. பதினோரு பேரை வைத்துப் படமெடுத்தால், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த சீடன் யார் என்று ஊர் கேட்கும். ஆகவே சிலுவைமுத்துவுக்கு மட்டும் இடது காலை நீட்ட ‘விசேஷ அனுமதி’ வழங்கி, வலது காலைத் துணி சுற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினோம்.

மணி நாலு. தலைவர் இடுப்பில் துண்டைக் கட்டி, பன்னீர் கலந்த வெந்நீரோடு மண்டியிட்டார். போட்டோக்காரர் ஜாபர், “இன்னும் கொஞ்சம் குனிங்க சார், தாழ்ச்சி படத்துல வரலை” என்று ஒவ்வொரு காலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது கால் வந்தது. சிலுவைமுத்து சட்டென்று துணியை அவிழ்த்து வலது காலை முன்னால் வைத்தான்.

“ஐயா, இந்தக் காலப் பாருங்கோ. ஒரே ஒரு கையெய்த்து.”

தலைவர் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.

“ஜாபர், இந்தக் கால் படத்தில் விழுந்ததா?”

“இல்ல சார்.”

தலைவர் பெருமூச்சு விட்டு, சிலுவைமுத்துவிடம் கனிவாகச் சொன்னார்: “தம்பி, இன்று நான் அதிகாரி அல்ல, உன் வேலைக்காரன். வேலைக்காரன் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? திங்கட்கிழமை ஆபீசுக்கு வா.”

கூட்டம் மண்டபம் அதிரக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை தலைவரைத் தாழ்ச்சியைப் பற்றிப் பேச எண்ணூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மறுவாரம் திருவொற்றியூர். அதற்கு மறுவாரம் கொருக்குப்பேட்டை. சிலுவைமுத்து கரி சுமந்துகொண்டே காத்திருந்தான்.

இந்த ஆண்டும் கமிட்டி அவனையே தேர்ந்தெடுத்திருக்கிறது. சென்ற ஆண்டு பட்ட சிரமம் இந்த முறை இல்லை. வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைக்க எங்களுக்கு இனி எதுவும் மிச்சமில்லை.