மொய்ங்கா சட்டியில் விழுந்த குத்தகை

புது மாப்பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் எந்தப் பொறுப்பும் தரக்கூடாது. தந்தால் திறமையைக் காட்டத் தொடங்கிவிடுவான். நான் காட்டினேன்.

கடற்கரை ஊர்களிலிருந்து ரங்கூனுக்கு வந்த எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமானால் பெண் வீட்டைவிட்டுப் போகமாட்டாள்; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவான். (ஊர்ப்பெயரை யாங்கோன் என்று மாற்றியிருந்த சமயம் அது. எங்கள் வாய்க்கு இன்றும் ரங்கூன்தான்.) அப்படி நான் தாமுவே பேட்டையில் ஓர் ஐந்தாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமனார் வீடு என்று பெயர், ஆனால் அரசாங்கக் குத்தகை. அதன் காலம் அந்த வருடம் முடிய இருந்தது. நீட்டிக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போகும். என் மனைவிக்குக் கீழே இரண்டு தங்கைகள். வீடில்லாத பெண்ணுக்கு எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். (வந்து இருக்க இடம் வேண்டாமா?)

"நான் முடிச்சுத் தர்றேன் மாமா" என்று மார்தட்டினேன். பச்சைப் பிள்ளையைக் கைமாற்றுவது போல மாமா மூலப் பத்திரத்தைக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் குத்தகை ஆபீசுக்குப் போகக் கம்பீரமாகக் கீழே இறங்கினேன். கட்டட வாசலில் டோ சீன் என்ற அம்மா மொய்ங்கா விற்பார். அரிசி நூடுல்ஸும் அதன்மேல் வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பும். ஒரு கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டே நீட்டிப்பு விண்ணப்பத்தைப் புரட்டினால், மாமா கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி.

மறுபடியும் ஐந்து மாடியா? ரங்கூனில் பேப்பருக்கும் காய்கறிக்கும் யார் படி இறங்குகிறார்கள்? பால்கனியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கயிற்றை ஆட்டினால் மணி அடிக்கும். மாட்டிய சாமானை மேலே இழுத்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தை மாட்டினேன். அது காற்றில் ஆடியது. கொஞ்சம் கனம் இருக்கட்டுமே என்று மூலப் பத்திரத்தையும் சேர்த்து மாட்டினேன். (படித்தவன் என்று சொல்லித்தான் பெண் கொடுத்திருந்தார்கள்.)

என் மனைவி சுபைதா இழுத்தாள். மூன்றாம் மாடியில் யாரோ காயப்போட்டிருந்த லோஞ்ஜி என்ற பர்மிய லுங்கியில் கிளிப் சிக்கியது. அவள் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள். விண்ணப்பம் மேலே போய்ச் சேர்ந்தது. பத்திரம் மட்டும் நிதானமாகச் சுழன்று இறங்கி, டோ சீனின் குழம்புச் சட்டியில் படுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் மாமா கையெழுத்திட்ட விண்ணப்பம் அதே கயிற்றில் சமர்த்தாக இறங்கி வந்தது. பத்திரத்தின் கதி மேலே ஒருவருக்கும் தெரியாது.

டோ சீன் அதைக் கரண்டியால் அள்ளி எடுத்தார். முழுக்க மஞ்சள். முத்திரையின் மேல் ஒரு வாழைத்தண்டுத் துண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்களின் வீடல்லவா அது! டோ சீன் திட்டப்போகிறார் என்று நினைத்தேன், அன்றைய குழம்பும் பாழாகியிருந்தது. அவரோ சட்டியை மூடிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"அழாதே மகனே. சட்டி என்னுது, சாட்சியும் நான்தான்" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு என்னோடு ஆபீசுக்கே வந்தார்.

அதிகாரி பத்திரத்தை முகர்ந்து பார்த்தார். டோ சீன் நடந்ததையெல்லாம் சொன்னார், மீன் எங்கே வாங்கியது என்பது உட்பட. அதிகாரி பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டார், எழுத்து அழியாமல் தப்பியிருந்தது. நீட்டிக்கத் தடையில்லை, ஆனால் சேதத்துக்குக் காரணம் எழுதிக் குத்தகைதாரர் கையெழுத்தோடு தர வேண்டும் என்றார். படியேறச் சோம்பல் என்றா எழுதுவது? "மருமகனுக்கு முட்டிவலி" என்று எழுதினேன்.

மாலையில் மாமா அதை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை, அஞ்சு வேளை தொழுகைக்கும் நான் ஏறி எறங்குறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களைத் தூக்கிட்டு வந்திருப்பேனே."

குத்தகை நீண்டது. அந்த வீட்டிலேயே தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. டோ சீனுக்கு முதல் பந்தியில் இடம். மாப்பிள்ளைகள் பெட்டியோடு வந்த அன்றே மாமி அலமாரியைத் திறந்து, புதுப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்திருந்த என் முட்டிவலி வாக்குமூலத்தின் நகலை அவர்களுக்குக் காட்டினார்.

இப்போது எனக்கு நிஜமாகவே முட்டி வலிக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால், சுபைதா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"இன்னைக்கு எந்தச் சட்டியில என்னத்தப் போட்டீங்க மச்சான்?" என்கிறாள்.