மைக்கில் நான் நடத்திய அவதூறு வழக்கு

முதலாண்டு சட்ட மாணவனைச் சுபகாரியம் நடக்கும் மண்டபத்துக்குள் விடக்கூடாது. அனுபவித்துச் சொல்கிறேன். (அனுபவித்தது நானல்ல, என் அக்கா சுமதி.)

அப்போது சேலத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். அவதூறுப் பாடம் நடந்த வாரம். இங்கிலாந்தில் ஒருவரைப் பற்றித் தப்பாக எழுதினால் ஒரு சட்டம், வாயால் சொன்னால் வேறு சட்டம். வாயால் சொன்னதற்கு வழக்குப் போட, அதனால் நஷ்டம் வந்ததென்று காட்ட வேண்டும். வெறும் வசவெல்லாம் சேர்த்தியில்லை. ஆனால் ஒரு பெண்ணின் நடத்தையைக் குறை சொன்னால் நஷ்டமே காட்ட வேண்டாம். படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. (அந்த விதியை அவர்கள் எப்போதோ நீக்கிவிட்டார்களாம். என்னுடையது பழைய புத்தகக் கடையில் வாங்கியது.)

அந்த ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மண்டப வாசலில் சித்தி மகன் என் காதைக் கடித்தான்.

"அக்காவப் பவானிப் பாலத்துல ஒரு பையனோட பாத்தேன்னு தங்கவேல் மாமா எங்கம்மாகிட்டச் சொல்லிட்டிருந்தாருடா."

ரத்தம் கொதித்தது. பத்திரிகை வாசித்து முடித்த கையோடு மைக்கைப் பிடுங்கினேன்.

"எங்கக்கா எந்தப் பையனோடயும் பாலத்துல நிக்கலீங்க. அப்படிச் சொன்னவங்க இப்பவே மன்னிப்புக் கேக்கோணும். இங்கிலாந்துச் சட்டப்படி..."

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, எந்தப் பாலமுங்க? எந்தப் பையனுங்க?"

அவர்கள் காதுக்கு அந்தப் பேச்சு வரவே இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தெரிந்ததை இருநூறு பேருக்கு நான் ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தேன். பிறர் காதில் போட்டால்தான் அவதூறு என்பது பாடத்தின் முதல் பக்கம். மாமா அதை ஒரு காதில்தான் போட்டிருந்தார். அவரே மேடையேறி வந்து, "சாமி, மைக்கக் குடு" என்று வாங்கிக்கொண்டார்.

தட்டு மாற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேனில் ஏறினார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ ஊட்டுக்குப் போ" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் அக்காவிடம் போனேன். "மாமா மேல கேஸ் போடலாங்க்கா. இப்பத்தான் நஷ்டமும் வந்துருச்சே." (ஆமாம், இதையும் சொன்னேன்.)

அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் நின்னது நெசந்தான்டா. இனி என்னத் தேடி வராதேன்னு சொல்லத்தான் போனேன். சொல்லிட்டும் வந்துட்டேன்."

உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது. அது அடுத்த அத்தியாயத்தில் இருந்தது. நான் அதுவரை வரவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாக மேலும் நான்கு வருடம் ஆனது. நான் வக்கீலாகி, பத்திரம் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் தங்கவேல் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் கை கழுவ மாட்டார். என் குரலிலேயே "இங்கிலாந்துச் சட்டப்படி" என்று அவர் இழுத்தால் போதும், குழந்தைகள் உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய. அக்கா மட்டும் அந்த நேரம் பார்த்து எழுந்து, யாரும் கேட்காத ரசத்தை எடுத்துவரப் போய்விடுவாள்.